கரண்ட் வரும்போதெல்லாம்

செவ்வாய். என் வீட்டுக்காரர் இறந்து, வாசல் தாண்டாமல் இத்தா இருக்கும் 118-ம் நாள்.

காலையிலிருந்து பனிமூட்டம். ஜன்னலுக்கு வெளியே எங்கள் கடைப் பலகைகூடத் தெரியவில்லை. கரண்ட் நாலு தடவை போய் நாலு தடவை வந்தது. வரும்போதெல்லாம் அவருடைய கேமிங் கம்ப்யூட்டர் தானாக முழித்துக்கொண்டது. காரணம் தெரியும். கரண்ட் வந்தால் தானே ஓடும்படி செட் செய்து வைத்தது அவர்தான். ஒன்பது வருஷம் அவரோடு சர்வீஸ் கடை நடத்தியவள் இதற்குப் பயந்தால் வெட்கக்கேடு.

ஆனால் மூன்றாவது தடவை ஸ்பீக்கரில் குரல். "யூசுப்பு, வந்துட்டியா?" உடனே டக்கென்று அணைந்தது. குப்பனூர் செந்திலின் குரல். அவரோடு ஆன்லைனில் ஆடுகிறவர். மய்யத்து அடக்கத்துக்கு வந்து அழுதவர்.

வாங்க வேண்டியவை: பால், ஜெராக்ஸ் டோனர், மாமிக்கு சுகர் மாத்திரை.

புதன். 119.

செந்திலுக்குப் போன். கோபமாகத்தான் கேட்டேன். "அவர் இல்லைன்னு தெரிஞ்சும் எதுக்குங்க கூப்பிடறீங்க?" "அக்கா, நான் அந்த ஆட்டத்தைத் தொட்டே நாலு மாசம் ஆச்சுங்க."

போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினேன். இரண்டு பேருக்கு ஒரு கிலோ.

வெள்ளி. 121.

கண்டுபிடித்துவிட்டேன். திரை ஓரத்தில் தேதி. அவர் போன நாள். ஆடுவது, பேசுவது எல்லாவற்றையும் பதிந்து வைப்பார். கம்ப்யூட்டர் முழித்ததும் கடைசிப் பதிவு தானே ஓடும், எங்கே தோற்றோம் என்று பார்க்க. பேசுவது அதுதான். அப்பாடா.

நிம்மதி சாயங்காலம் அஸர் தொழுகை வரைதான். அந்த நாளின் பதிவென்றால், அவர் எழுந்து போவதும் அதில் இருக்கும். கொட்டச்சேடு எஸ்டேட்டுக்கு ரிப்பேர் முடிந்த பிரிண்டரைக் கொடுக்கப் போனார். வளைவில், பனியில், பைக் சறுக்கி. "நீ அனுப்புனியா கண்ணு?" மாமி, அதாவது அவருடைய அம்மா, ஒரே ஒரு தடவை கேட்டார். "இல்லைங்க மாமி, அவராத்தான் போனாங்க." எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்கு ஞாபகமே இல்லை. அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

சனி. 122.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, எஸ்.எம்.பி.எஸ்., செத்துக்கொண்டிருக்கிறது. நாற்பது விநாடிதான் தாங்குகிறது. முன்னே தள்ளிப் பார்க்கலாம் என்று மௌஸைத் தொட்டால் அப்போதே அணைகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் ரகசிய எண் கேட்கிறது. அது அவரோடு போயிற்று.

கிராபிக்ஸ் கார்டு 350. பிராசசர் 200. ஃபேன், டிஸ்க் எல்லாம் 80. கார்டு சில சமயம் கண்ணிமைக்கிற நேரத்துக்கு இரண்டு மடங்கு இழுக்கும். ஆக, புதுப் பெட்டி 1000 வாட்ஸ் வேண்டும்.

கொழுந்தன் காதர் வந்தார். "கடையிலயே பழைய நானூத்தம்பது கெடக்குதுங்களே அண்ணி. அது போதுமுங்க." போதாது. எனக்குத் தெரியும். அதை மாட்டினால் பாதியில் அணையும். 'செய்து பார்த்தேன், ஆகவில்லை' என்று இருந்துவிடலாம். அரை மணி நேரம் அந்த 450-ஐ மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழை.

பிறகு சேலம் கடைக்காரருக்குப் போன். இத்தாவில் இருப்பவள் மலையிறங்கிப் போய்ப் பார்த்து வாங்க முடியுமா? "ஆயிரமே போடுங்கம்மா. மலையில வோல்டேஜ் நொம்ப ஆடுமுங்க. ஒண்ணு மட்டும், பழைய ஒயரை இதுல மாட்டிராதீங்க. சொருகுனா பொருந்தும். ஆனா உள்ள கம்பி வரிசை வேறங்க, எல்லாம் எரிஞ்சு போயிருமுங்க." ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் டிஸ்க்கை நான் அப்படித்தான் எரித்தேன். அன்று என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

செவ்வாய். 125.

பஸ்ஸில் பார்சல் வந்தது. நல்ல கனம்.

பழைய ஒயர்கள் அவர் கையால் கட்டியவை, ஜடை பின்னின மாதிரி. வெட்ட மனசு வரவில்லை. கட்டு அப்படியே இருக்கட்டும், முனையை மட்டும் புதியதில் சொருகிவிடலாம் என்று எடுத்தேன். எல்லாம் தெரிந்தும்தான். முனையில் பிளாஸ்திரி. அவருடைய கோணல் எழுத்து. "ஜமீ, இதை வேற பெட்டியில மாட்டாதே."

எப்போது எழுதினார்? அவர் இருந்தவரை இந்த மெஷினை நான் திறந்ததே இல்லை. திறப்பேன் என்று எப்படித் தெரியும்? முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை.

வெட்டினேன். எல்லாம் புது ஒயர்.

வெள்ளி. 128. கடைசி நாள்.

நாளை முதல் வெளியே போகலாம். மத்தியானம் கரண்ட் இல்லை. எல்லாவற்றையும் மாட்டி முடித்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். மூன்று மணிக்கு வந்தது.

"யூசுப்பு, வந்துட்டியா?" நாற்பது விநாடி. அணையவில்லை. "வந்துட்டேன்டா." அவர் குரல். அவர் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டேன். இருபது நிமிஷம் ஆடினார்கள். பிறகு தூரத்தில், சமையலறைப் பக்கம், ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, மழை வர்றதுக்குள்ள அந்தப் பிரிண்டரைக் குடுத்துட்டு வந்துருங்க."

"நாளைக்குப் போறேன் ஜமீ."

"இன்னைக்கே போங்க. எஸ்டேட்ல ரெண்டு தடவை கேட்டாச்சு."

"இரு செந்திலு, ஊட்டுல வெரட்டறா. வந்தர்றேன்."

நாற்காலி நகரும் சத்தம். இதே நாற்காலி.

நான்தான் அனுப்பினேன்.

பதிவு நிற்கவில்லை. காலி அறை. ஸ்பீக்கரில் மழை ஆரம்பித்தது, வெளியே மழை இல்லை. இன்னும் நாற்பத்தாறு நிமிஷம் என்று காட்டியது. அதற்குள் அதில் என் போன் அடிக்கும், விபத்துச் செய்தியோடு. அணைத்துவிட்டேன். அணைத்து என்ன? அடுத்த தடவை கரண்ட் வரும்போது அவர் முதலிலிருந்து வருவார், சிரிப்பார், நான் மறுபடி அனுப்புவேன். அந்த செட்டிங்கை எடுக்க இரண்டு நிமிஷம் போதும்.

கதவுக்கு வெளியே மாமி. "கண்ணு, உள்ள யூசுப்பு பேசறானா?"

செட்டிங்கை எடுக்கவில்லை. "வாங்க மாமி, உட்காருங்க." முதலிலிருந்து போட்டேன்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மாமி அவர் நாற்காலியில், நான் தரையில், நோட்டோடு. மகன் சிரிக்கும்போதெல்லாம் மாமியும் சிரிக்கிறார். என் தலையைத் தடவுகிறார்.

என் குரல் வர இன்னும் ஆறு நிமிஷம்.