கம்பளியின் நாலாவது முனை

நோர்வூட்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சர்மிளாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்படி எழுதினால் பாதி பொய்யாகிவிடும். உன் அம்மா சுகம். எனக்குச் சுகமில்லை. நீ ஜோர்தானில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அவள் முன்னால் இதைச் சொல்ல வாய் வராது, அதனால் லீவில் வந்து நாளைக்கு ஜோர்தானுக்குத் திரும்பும் சுமனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன திங்கட்கிழமை மழையில் ரத்தமாக வாந்தி எடுத்தேன். மண் சரிந்து ரோட்டை மூடியதால் அம்புலன்ஸ் கீழே பாலத்திலேயே நின்றுவிட்டது. அம்மா லயத்து வாசலில் நின்று வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்கக் கத்தினாள். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வந்து நோயாளியைக் கம்பளியில் கிடத்தித் தூக்க வேண்டும் என்ற நம் லயத்து வழக்கம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன், நீ ஹட்டனில் தங்கிப் படித்தபோது, நம் கோயில் உபதேசியார் பொன்னையாவின் தாய் ராக்காயிக்காக அதே சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்தினேன். அதற்கு முந்திய மாதம் அவன் பிரசங்கத்தில், படித்து உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு லயத்து மனுஷர்கள் மறந்துபோகிறார்கள் என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முப்பது பிள்ளைகளைப் பரீட்சை பாஸாக்கிய என்னை. அதை இன்னும் நான் முழுதாக மன்னிக்கவில்லை, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அன்று மற்றவர்கள் தேயிலை மலையில் வேலையில் இருந்ததால் மூன்று ஆம்பிளைகள்தான் கிடைத்தார்கள். நாலாவது முனையைப் பொன்னையாவின் பெண்சாதி வேலாயி பிடித்தாள். வழியில் எத்தனையோ இடத்தில் இறக்கி வைத்தார்களாம். மூன்றாம் நாள் ராக்காயி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அதனால் என் வாசலுக்கு யார் வருவார்கள் என்று படுத்துக்கிடந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது பொன்னையா. தோளில் அவன் தாயின் கம்பளி. தலைமாட்டு முனையை அவனே பிடித்தான். கால்மாட்டு முனையைத் தூக்கிய நம் லயத்துப் பையன் திலக்ஷன், படிச்ச படிப்பெல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கு போல, சரியான கனம் என்று முனக, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது. பொன்னையா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "கால மடக்கிக்கிங்க சேர், பள்ளம் வருது" என்று மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்து, சோதிக்க ஒரு சதைத்துண்டு வெட்டி எடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை கண்டியில் முடிவு சொல்வார்கள். பயமாக இருக்கிறது மகளே. ஒவ்வொரு வாய் சோற்றையும் அது இறங்கும் வழியெல்லாம் கவனிக்கிறேன். போகாமலே, தெரியாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஓய்வுநாள் பள்ளியில் நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டே, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன். அவன் வாய் திறந்து எதையும் கேட்கவில்லை, சுமந்துவந்த நாலு பேரின் நம்பிக்கையைப் பார்த்துத்தான் ஆண்டவர் அவனோடு பேசினார். இத்தனை வருஷம் அது என் கண்ணில் படவில்லை. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபோதுதான் பட்டது.

நேற்று பொன்னையா வீட்டுக்குப் போனேன். ராக்காயியைத் தூக்கிப்போன அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன் என்று சொன்னேன். தெரியும் என்றான். வேலாயி தேத்தண்ணி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அது அவள் நியாயம். கண்டிக்குக் கூட வருவாயா என்று கேட்டேன், வருகிறேன் என்றான். அம்மா துவைத்த கம்பளியைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. ரோடு இன்னும் சரியாகவில்லை, புதன்கிழமை வரைக்கும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றான். இந்தப் பனியில் அது காயவுமில்லை, அடுப்புக்கு மேலே தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் போகாமல் இருந்துவிடலாமா என்று மறுபடியும் நினைக்கிறேன். ஆனாலும் கண்டிக்குப் போகிறேன்.

அம்மாவிடம் நான் பயந்ததைச் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு. எனக்காக ஜெபம் பண்ணு, வேலாயிக்காகவும் பண்ணு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன்னோடு ஒரே அறையில் தங்கும் பிள்ளையோடு நாலு மாதமாகப் பேச்சில்லை என்று போன தடவை சொன்னாய். நீ என் பிள்ளைதான், சந்தேகமில்லை. இதை மடித்து வைத்ததும் முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசு.

உன் அப்பா,
ஆரோக்கியநாதன்