இன்று ஸ்பெல்லிங் உன் பொறுப்பு

அன்செல்ம்,

நான் இரண்டு மணி பஸ்ஸில் காஸ்ட்ரீஸ் ஆஸ்பத்திரிக்கு நைட் டியூட்டிக்குப் போகிறேன். நாளைக் காலையில்தான் வருவேன். சுட்ட சீமைப்பலாவும் மீனும் அடுப்பின் மேல் இருக்கின்றன.

நாளை ஜோனெலுக்கு ஸ்பெல்லிங் டெஸ்ட். நீதான் சொல்லிக்கொடுக்கிறாய். ‘பாக்ஸ்’ பன்மையானால் கடைசியில் இ-எஸ் சேரும். ‘நைஃப்’ பன்மையில் எஃப் போய் வி வரும். ‘ஹேப்பி’க்கு முன்னால் ‘அன்’ சேர்த்தால் எதுவும் மாறாது. பின்னால் ‘நெஸ்’ சேர்த்தால் ஒய் மாறி ஐ ஆகும். விடைகள் பின்பக்கம்.

நேற்று, “எனக்கே ஸ்பெல்லிங் வராது, என்கிட்ட கேக்காதே!” என்று கத்திவிட்டுப் போனாய். “அப்பாவுக்கு என் மேல கோபமாம்மா?” என்று ஜோனெல் என்னிடம் அழுதாள். நீயே பதில் சொல்.

வெர்லின்

பி.கு.: அவள் எழுதி முடித்ததும் நோட்டை நீ வாங்கிக்கொள். அவள் வார்த்தைகளைச் சொல்லட்டும், நீ எழுது. தப்பானால் சிரிக்க மாட்டாளாம், கேட்டுவிட்டேன்.