குழிக்குள் ஒரு நாற்காலி

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் உன் மழைக்கோட்டின் வாடை மூக்கில் ஏறியது. பூஞ்சையும் ரப்பரும் கொஞ்சம் சாணி எருவும் கலந்த வாடை. எத்தனை முறை வெயிலில் காயப்போட்டாலும் போவதாக இல்லை. உன்னைப் போலவே பிடிவாதம். வெளியே வைகாசிப் பாதியில் தொடங்கும் எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டிருந்தது. கரமனை ஆறு கலங்கிச் சிவந்து ஓடுகிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்து, "ஏண்டி, மழை நின்னப்புறம் போய் என்னத்தப் பாக்கறது?" என்று தெருவே கேட்கக் கத்தியிருப்பாய்.

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். அலமாரியை ஏன் திறந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும், நீ நம்பமாட்டாய். நான் சண்டை போட்டேன். நானேதான். சிரிக்காதே.

நம் தோட்ட வேலைக் கம்பெனியில் யாருக்கு என்ன வேலை என்பது ஊருக்கே தெரியும். நீ சண்டை போடுவாய். நான் பின்னாலேயே போய், "அவ அப்படித்தான் சார், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா" என்று சமாதானம் பேசுவேன். எதிரெதிர் வீட்டில் வளர்ந்து, ஒரே பெஞ்சில் தாவரவியல் படித்து, நீ வங்கி வேலையையும் நான் டியூஷனையும் விட்டுவிட்டுத் தொடங்கிய கம்பெனி. முதல் நாளிலிருந்தே இந்த ஏற்பாடுதான். எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மாறவில்லை.

நம் முதல் தோட்டம் நினைவிருக்கிறதா? பூஜப்புரையில் அந்த டாக்டர் வீடு. பங்குனி வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு டேப்பைப் பிடித்து அளந்தோம். சரிவில் புல் பதித்தோம். பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனோம். மழை வந்த முதல் வாரமே அத்தனை புல்லும் பாயைச் சுருட்டிய மாதிரி சுருண்டு, மதிலுக்கு அடியில் நுழைந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "இது நிங்ஙளுடெயாணோ?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் அழும் நிலையில் இருந்தேன். நீ சேற்றில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மறுநாளே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் இந்த மழைக்கோட்டை வாங்கி வந்தாய். இனிமேல் எந்த இடத்தையும் மழை பெய்யும்போதுதான் போய்ப் பார்ப்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் செடியைப் பற்றிப் பேசுவது என்று முடிவாயிற்று. தோட்டம் போட வேண்டும் என்று போன் செய்கிறவர்களிடம், "மழை பெய்யறச்சே கூப்பிடுங்கோ" என்று சொல்லி வைத்துவிடுவாய். பாதிப்பேர் நம்மைக் கிறுக்கு என்று நினைத்து அப்புறம் கூப்பிடவே இல்லை.

அது போதாதென்று மினி லாரியின் பின்பக்கம் "மண்ணை மூடமாட்டோம்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்தாய். இந்த ஊரில் பால் காய்ச்சுவதற்கு முன்பே முற்றம் முழுக்க மண்ணே தெரியாமல் சிமென்ட் இன்டர்லாக் கல் பதித்துவிடுகிறார்கள். அதைத் தொடமாட்டோம் என்று சொல்லும் தோட்டக் கம்பெனி, காப்பி கிடையாது என்று போர்டு வைத்த ஹோட்டல் மாதிரி என்று என் அண்ணா கேலி செய்தான். "ஹோட்டல் நடக்கறதா இல்லையா, அதைச் சொல்லுங்கோ" என்றாய் நீ. நடக்கத்தான் செய்தது, தட்டுத்தடுமாறி.

கல்லாற்றுப் பக்கம் விடுதி கட்டியவர் ஒருவர் கூப்பிட்டாரே, அதையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நல்ல மழையில்தான் போனோம். வாசலில் இருந்து வரவேற்பறை வரை ஆற்றின் உருண்டைக் கற்களைப் பரப்ப வேண்டும் என்றார். கல்லுக்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். அவர் ஆற்றைக் காட்டினார். சும்மாதானே கிடக்கிறது என்றார். நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "சும்மா கிடக்கலை சார். அது அங்க வேலை பண்ணிண்டிருக்கு" என்றாய், தமிழிலேயே. கோபம் வந்தால் உனக்கு மலையாளம் மறந்து போகும். நான் வழக்கம்போல நடுவில் புகுந்து, கொஞ்சமாக, சின்னக் கல்லாக எடுத்தால் என்ன என்று இழுத்தேன். நீ பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். திரும்பும் வழியில் பெட்டிக்கடையில் நனைந்தபடி பழம்பொரி தின்றோம். "உனக்கு எல்லாரும் உன்னை நல்லவள்னு சொல்லணும். அதாக்கும் உன் வியாதி" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. கடைசிப் பழம்பொரியை உனக்குத் தராமல் நானே தின்றேன்.

ஆஸ்பத்திரியிலும் நீ மாறவில்லை. வரவேற்பறையில் இருந்த பிளாஸ்டிக் பனையைக் கண்டு உனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அதை முறைத்தாய். "நான் இங்க செத்துப் போனா அதுக்குப் பக்கத்துல வச்சிடாதேடி" என்றாய். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நீ போன பிறகு அந்த ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, சண்டையையெல்லாம் பாதியில் என் தலையில் போட்டுவிட்டுப் போனதற்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுக்குப் பக்கத்தில் நாம் தோட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஃப்ளாட். அதன் முற்றத்தில் தாழ்ந்த மூலையைப் பார்த்து நீ தோண்டிய மழைக்குழி. அடியில் சரளை, மேலே மணலும் இலைமக்கும், அதற்கு மேல் வெட்டிவேரும் கல்வாழையும் சேம்பும். மாடித் தண்ணீர் எல்லாம் அதில் வந்து இறங்கி மண்ணுக்குள் போகும். பெருமழையில் சின்னக் குளம் மாதிரி நிற்கும், மழை விட்டதும் வடிந்துவிடும். போன வருஷம் குடியிருப்போர் சங்கத்துக்குப் புதிய செயலாளர் வந்தார். அவருக்கு அந்தக் குழியைக் கண்டாலே ஆகவில்லை. கொசு வரும், பாம்பு வரும், பிள்ளைகள் செருப்பெல்லாம் சேறு. குழியை மூடி, முற்றம் முழுக்க இன்டர்லாக் போட்டு, நடுவில் நான்கு தொட்டி வைத்துக் கொடுங்கள் என்றார். "இது ஃப்ளாட்டாணு மேடம், வயலல்ல."

முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று வண்டியை ஓட்டியவர் நம் மேஸ்திரி மாரியப்பன். கரமனைப் பாலம் தாண்டியதும், "அக்கா, இது போச்சுன்னா பாதி வேலை போச்சு. ஆறு பேரு இருக்கோம். நம்ம போடாட்டி வேற ஒருத்தன் வந்து போடத்தான போறான்?" என்றார். செங்கோட்டையில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். அவர் கேட்டதில் என்ன தப்பு? வீட்டுக்கு வந்து, சரி என்று செயலாளருக்குச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். வாசலில் நம் லாரி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. நீ எழுதியது நிறம் மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. போனை வைத்தேன். ஒரு மழை நாளில் கமிட்டி கூட்டத்தை முற்றத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் மறுநாள் கேட்டேன். அவர் விளையாட்டாகச் சம்மதித்தார்.

அந்த மழை நாளில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் நின்றார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. நான் உன் கோட்டைப் போட்டுக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் நின்று, தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் விளக்கினேன். செயலாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்டில்லே, வெள்ளம் நில்க்குந்நது? ஈ வெள்ளத்திலா கொதுகு" என்றார், தலையை நிமிர்த்தாமலே. இப்படி நிற்கிற தண்ணீரில்தான் கொசுவாம்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. செக்யூரிட்டி உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் வரை தண்ணீர். "இது வடியற வரைக்கும் நான் இங்கேந்து எழுந்துக்கப் போறதில்லை. முட்டை கொசுவா மாற ஒரு வாரம் வேணும். அதுக்குள்ள இது வடியலைன்னா நானே மூடித் தரேன்!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் தெரிந்தது, தமிழில் கத்தியிருக்கிறேன் என்று.

அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பால்கனியிலும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நம் தெரு மாமிகள் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு வேறு. நல்ல பெயர் எடுப்பதற்கென்றே பிறந்தவள், சேம்பிலைகளுக்கு நடுவில் மஞ்சள் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். மாரியப்பன் வந்து, "அக்கா, வாங்க, போதும்" என்று கெஞ்சினார். நான் அசையவில்லை என்றதும் குடையைப் பிடித்துக்கொண்டு அவரும் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மதியத்துக்கு மேல் மழை விட்டது. தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. பள்ளி வேன் வந்து பிள்ளைகள் இறங்கும்போது நாற்காலியின் நான்கு கால்களும் வெறும் மண்ணில் புதைந்து நின்றன.

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஒரு நர்ஸ், வேலை முடிந்து அப்போதுதான் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நேரே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள். குழி தோண்டுவதற்கு முன்பு ஒவ்வொரு மழைக்கும் தன் அடுக்களையில் தண்ணீர் ஏறியதை அவள் மறக்கவில்லை. அவள் போட்ட சத்தம் முற்றம் வரை கேட்டது. மூட வேண்டாம், "குழி மூடண்டா!" என்று இரண்டாவது மாடியிலிருந்தும் ஒரு குரல் வந்தது. அப்புறம் நிறையக் குரல்கள்.

குழியை மூடவில்லை. ஆனால் அடுத்த மாதம், புதிய கம்பெனியைப் பார்த்திருக்கிறோம், இத்தனை நாள் உழைப்புக்கு நன்றி என்று செயலாளர் போன் செய்தார். அவ்வளவுதான். பின்னால் போய்ச் சமாதானம் பேச யாரும் இல்லை. நானும் போகவில்லை. மூன்று மாதம் கஷ்டப்பட்டோம். ஒருவர் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார், அவரைக் குறை சொல்லமாட்டேன். கிழக்கேகோட்டைப் பக்கம் சின்னச் சின்ன வீட்டு வேலைகளாகப் பிடித்து மற்றவர்களை நிறுத்திக்கொண்டேன். அந்தப் பின்பக்க எழுத்தை அழித்துவிடு, வேலை தானாக வரும் என்று அண்ணா மறுபடி சொன்னான். மாரியப்பனிடம் பெயின்ட் வாங்கிவரச் சொன்னேன். அழிப்பதற்கு என்று அண்ணா சந்தோஷப்பட்டான். மங்கிய எழுத்தின் மேலேயே இன்னும் தடியாக எழுதினோம். மாரியப்பன்தான் எழுதினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இன்று காலை அந்தப் புதிய கம்பெனியின் மேற்பார்வையாளர் போன் செய்தார். மலையாளி, பேச்சில் தயக்கம். வெட்டிவேர் அடர்ந்துவிட்டதாம், தண்ணீர் முன்பு போல இறங்கவில்லையாம். செயலாளர் இதுதான் சாக்கு என்று மறுபடி மூடச் சொல்கிறாராம். இவருக்கு மூட மனசில்லை. என்ன செய்ய வேண்டும், வந்து காட்டித் தர முடியுமா என்று கேட்டார். நம் வேலையைப் பறித்த கம்பெனி. பாடத்தை ஓசியில் கேட்கிறார்கள். ஒரு நிமிஷம் எனக்கும் சுர்ரென்று ஏறியது. நீயாக இருந்தால் முதலில் நன்றாகத் திட்டியிருப்பாய். நானும் திட்டினேன். திட்டி முடித்ததும் அவர் மெதுவாக, எப்போது வருவீர்கள் என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவே தெரியாத மழை.

"இப்பவே" என்றேன். அலமாரியைத் திறந்து உன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். உன் உயரத்துக்கு வாங்கியது, கை இன்னும் எனக்கு நீளம்தான். மடித்து விட்டுக்கொண்டு இறங்கினேன்.