தொட்டியில் கரைத்த உப்பு

ஜீவனஹள்ளி, பெங்களூர்
14.10.1996

என் செல்லத் தங்கை வித்யாவுக்கு, மாரியம்மன் துணையோடு அக்கா எழுதுவது.

முதல்முதலில் உப்பு போட்ட அன்று எங்கள் முலாம் பட்டறையில் இருந்தது உன் மாமா, என் மாமியார், வேலையாள் சண்முகம், நான், நாலே பேர். போர்வெல் தண்ணீர் வற்றியதிலிருந்து உன் மாமா செம்பு முலாம் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுகிறார். அதற்கப்புறம் சைக்கிள் பெல் மூடிகள் மங்கி மங்கியே வந்தன. "கண்ணு பட்டிருக்கு, உப்பு சுத்திப் போடு" என்றார் அத்தை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு ஒரு பிடி கல்லுப்பு சுற்றினேன். வாளியில் கரைக்கப் போனால், "தொட்டிக்குத்தானேடி கண்ணு பட்டிருக்கு! அதுலயே கரை" என்றார். கரைத்தேன்.

மறுநாள் மூடிகளில் முகம் பார்க்கலாம் போல இருந்தது!

அதிலிருந்து வெள்ளிதோறும் என் கைக்குக் குங்குமம் வைத்து உப்பு போடச் சொல்கிறார்கள். ராத்தங்க எங்கும் அனுப்புவதில்லை. உனக்குப் புடவை எடுக்கச் சிவாஜிநகர் போனால்கூட அத்தை கூடவே வருகிறார். உன் கல்யாணமோ தை பதினொன்று, வெள்ளிக்கிழமை. "நீ வேலூர் போயிட்டா தொட்டிய யார் பாக்கறது?" என்கிறார் உன் மாமா. அம்மா அப்பா இல்லாத உன்னை நான்தானே மணையில் உட்கார வைக்க வேண்டும்? உலோகமும் உப்புத் தண்ணீரும்தானே உன் படிப்பு? என் கையில் ஒன்றுமில்லை என்று எழுது.

அக்கா
யசோதா

பெர்லின்
2.11.1996

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். அது உன் கை இல்லை, உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பிலிருந்து குளோரைடு அயனிகள் பிரிந்து செம்பின் மேல் வரிசையாக உட்காருகின்றன. அவை உட்கார்ந்ததும், நெளிந்து அலைந்துகொண்டிருந்த செம்பு அணுக்களின், படிக்கட்டு போன்ற ஓரங்கள் திசை மாறி நேராகிவிடுகின்றன. இங்கே நுண்ணோக்கியில் தினமும் பார்க்கிறேன். புதிதாக வரும் செம்பு அந்த ஓரங்களில்தான் வந்து ஒட்டும். மாமா ஊற்றும் பளபளப்பு மருந்து வேலை செய்யவும் துளி உப்பு வேண்டும். போர்வெல் தண்ணீரில் அது இருந்தது, டிஸ்டில்டு வாட்டரில் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் வாராவாரம் போடாதே! அதிகமானால் எல்லாம் கெடும். பாதிக் கரைசலை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்து நிரப்பினால் சரியாகும்.

இதைச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லையா? அம்மன் கனவில் வந்து தொட்டியை மாற்றச் சொன்னாள், தங்கை கல்யாணத்துக்குப் போகச் சொன்னாள் என்று சொல்லிவிடு. உடனே கேட்பார்கள்.

உன்
வித்யா

ஜீவனஹள்ளி
9.12.1996

வித்யாக் கண்ணு,

உன் கடிதத்தை, கடைசி வரிகளை மட்டும் விட்டுவிட்டு, உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். மனிதர் நியாயமாகத்தான் இருந்தார். "சரி, நானே போட்டுப் பாக்கறேன்" என்று தன் கையால் ஒரு பிடி போட்டார். வாராவாரம் நான் போட்டதிலேயே அளவு அதற்கு முன்பே தாண்டியிருக்க வேண்டும். மூடிகள் சொரசொரவென்று வந்தன.

"உப்பு அதிகமாயிடுச்சுங்க" என்றேன்.

"உப்பாலதான் வந்துச்சுன்ன, இப்ப உப்பாலதான் கெட்டுச்சுங்கற. உன் தங்கச்சியோட உப்புக்கு எத்தன மூஞ்சி?" என்றார். சண்முகம் சிரித்தேவிட்டான். அத்தை சிரிக்கவில்லை. "அவ கை படாம ஆகாதுடா. தை முடியற வரைக்கும் வாசப்படி தாண்ட வேணாம்" என்றார். பாதிக் கரைசலைக் கொட்ட உன் மாமாவுக்கு மனசில்லை.

விடுவிக்கும் என்று நம்பிய சோதனையே என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. இனி நான் போட்டாலும் கெடும். அப்போது என் பக்தியில் குறை என்பார்கள்.

அந்தக் கனவைச் சொன்னால் தொட்டியும் தேறும், நானும் வேலூரில் இருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அம்மன் என் கனவில் வரவில்லையே கண்ணு. அவள் பேரில் பொய் சொல்லிவிட்டு வந்து உன் தலையில் அட்சதை போட்டால் அது ஆசீர்வாதமா? பரவாயில்லை, வா அக்கா என்று நீ எழுதினால் சொல்லிவிடுகிறேன். வேண்டாமென்றால் ஜகதாம்பாள் சித்தியை மணைக்குக் கூப்பிடு.

எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு.

அக்கா
யசோதா