நாலு ஹலோவுக்கு நாலு வாய்

ஏங்க,

உங்க பழைய கண்ணாடிக்கும் தெரியட்டும்னுதான் இவ்வளவு பெரிய எழுத்து. உடைஞ்ச புதுக் கண்ணாடியை ரிப்பேருக்குக் கொடுக்கப் போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு.

கண்ணாடி மேல நாய் உட்கார்ந்துடுச்சுன்னு சொன்னேன், நீங்க நம்பலை. அதுக்காக மூணு நாளா மத்தியானம் வீட்டுக்கே வராம அச்சகத்திலேயே சாப்பிடறீங்க. சரி, அது நம்ம சண்டை. நீங்க பக்கத்தில் இல்லேன்னா உங்க நாய் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குதே! முப்பத்தஞ்சு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் லட்சம் பிடிவாதக்காரங்களுக்கு ஊட்டின நர்ஸ் நான். இது என் மானத்தை வாங்குது. மை அப்பின உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். மோந்து பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, பெருமூச்சு விட்டது.

இன்னிக்கு அச்சகத்துக்கு ஒரு ஊமை போன் வந்ததே, அது நான்தான். பேசவே மாட்டேன்னு சொன்னவ எப்படிப் பேசறது? ஸ்பீக்கரைப் போட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வெச்சேன். நீங்க "ஹலோ, யாருய்யா அது?"ன்னு கத்தினப்பெல்லாம் ஒரு வாய் உள்ளே போச்சு. நாலு ஹலோ, நாலு வாய். அப்புறம் "வேலையத்த பய"ன்னு திட்டி போனை வெச்சுட்டீங்க. முக்கால் கிண்ணம் அப்படியே இருக்கு.

வந்ததும் முதல்ல அது பக்கத்தில் உட்காருங்க. செருப்பைக்கூட அப்புறம் கழட்டிக்கலாம்.

இன்னொண்ணு: கண்ணாடி மேல உட்கார்ந்தது நாயில்லை, நான்தான். நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து நேரிலேயே திட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் சாப்பிடுவோம்.