மாப்பிள்ளைக்கு, மீன்தொட்டி விளக்கு பற்றி

மாப்பிள்ளை,

நான் பெரியவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வரப் பத்து நாளாகும். சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது. சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

தொட்டி விளக்கு காலை பத்து மணியிலிருந்து நான்கு மணி வரைதான் எரிய வேண்டும். பாசி வானத்திலிருந்து விழவில்லை. வீடியோ மீட்டிங்கில் உங்கள் முதுகுக்குப் பின்னால் அழகாகத் தெரியட்டும் என்று நாள் முழுக்க எரியவிட்டீர்கள், செடி இலையெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது. டைமர் மாட்டியிருக்கிறேன், பிடுங்காதீர்கள். மீனுக்கு ஒரு வேளை, ஒரு சிட்டிகை தீனி போதும். மிஞ்சி அழுகினால் அதுவும் பாசிக்கு உரம்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வெயில் படும் ஜன்னல் திரையைத் திறக்க வேண்டாம்.

போன மாதம் உங்கள் மேனேஜர் தொட்டியைப் பாராட்டியபோது, "நான்தான் சார் வளர்க்கிறேன்" என்றீர்கள். சமையலறையில் நின்று கேட்டேன். நேற்று என் மகளிடம், "உங்க அம்மா தொட்டிய நாறடிச்சு வச்சிருக்காங்க" என்றீர்கள். அதையும் கேட்டேன். அவள் பதில் பேசாமல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அத்தை

பி.கு.: கண்ணாடியைத் தேய்க்கப் புது ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறேன். சோப்பு படக்கூடாது.

இன்னொன்று: பாசி தின்னும் இறால் எட்டையும் டப்பாவில் தண்ணீரோடு எடுத்துப்போகிறேன். பெரியவளும் தொட்டி வைத்திருக்கிறாள். அவை இங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலையை இனி நீங்கள் பாருங்கள்.