மாற்றிச் சொன்ன ஜெபக்குறிப்பு

மே 31, சனி

சித்தி மிஷனிலிருந்து இந்த நகரத்துக்கு ஊழியத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அம்மாவுக்குத் தங்கை கிடைத்தாள், எனக்குச் சனிக்கிழமை போயிற்று. சித்திக்கு இந்த ஊர் மொழி வராது. எனக்குப் பள்ளிக்கூடமே அதில்தான். அதனால் கதவைத் தட்டுவது சித்தி, பேசுவது நான்.

இன்று மறுபடியும் அந்த உயரமான கட்டடம். மாடிக்கு ஒரு தேசம். ஒரு கதவு திறந்தால் ஒரு மொழி, அடுத்த கதவு திறந்தால் வேறு மொழி. கீழே இருக்கிற காவல்காரர் வாராவாரம் எங்கள் சுவிசேஷக் கைப்பிரதியை வாங்கிக்கொள்கிறார். அதை மடித்து ஜன்னல் ஆடாமல் செருகி வைக்கிறார். நான் காட்டிக் கொடுத்தேன். "ஜன்னலுக்காவது பிரயோஜனப்படுதே, விடுடி" என்றாள் சித்தி.

சித்தி பிரசங்கம் எல்லாம் செய்வதில்லை. "உங்களுக்காக நான் என்ன ஜெபிக்கட்டும்?" என்று மட்டும் கேட்கிறாள். சாமியே வேண்டாம் என்பவர்களும் அதற்கு ஏதாவது பதில் சொல்லிவிடுகிறார்கள். முடிவெட்டுகிறவர், எதிரே புதிதாக வரும் சலூன் ஓடக் கூடாது என்று ஜெபிக்கச் சொன்னார். சித்தி கண்ணை மூடி, "ரெண்டு கடையும் நல்லா ஓடட்டும் ஆண்டவரே" என்றாள். நான் அவரிடம், "உங்க கடை நல்லா ஓடணும்னு ஜெபிச்சாங்க" என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். சுழல்நாற்காலியில் என்னை உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

பாதிதானே சொன்னேன். பொய் இல்லையே.

ஜூன் 6, வெள்ளி

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அறையில் முடியாது, சித்தி பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எப்போதும் முதலாளியம்மா வீட்டில். அப்பா அவர்களுக்குத்தான் கார் ஓட்டுகிறார். நாங்கள் இருக்கும் வீடும் அவர்கள் கார் ஷெட்டுக்குப் பின்னால் கட்டியதுதான். எல்லோரும் ஜெபக்குறிப்பு சொல்லி முடித்ததும் சித்தி, "சமையலறையில இருக்கிற அக்காவையும் கூப்பிடுங்களேன்" என்றாள்.

"அவ நம்ம ஆளே இல்லை. அவளுக்கு என்ன புரியும்?" என்றார் முதலாளியம்மா. அவருக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. அந்த அக்காவிடம் இத்தனை நாளும் சைகையிலும் அதட்டலிலுமே வேலை வாங்கியிருக்கிறார்.

"நம்ம குட்டி கேட்டுச் சொல்லுவா" என்றாள் சித்தி.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து சுவர் ஓரமாக நின்றார். வேறு தேசத்துக்காரர், ஆனால் ஊர் மொழி நன்றாகவே பேசுகிறார். நான் கேட்டேன். அவர் தரையைப் பார்த்து, லேசாகச் சிரித்த முகத்தோடு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், ஒப்பிப்பது மாதிரிச் சொன்னார்: "நான் வீட்டுக்குப் போகணும். என் ஒப்பந்தம் முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. என் பாஸ்போர்ட் இவங்க பீரோவில இருக்கு. கேட்டதுக்கு என் போனைப் பிடுங்கிட்டாங்க. வெளியே போகும்போது என்னை வச்சுப் பூட்டிட்டுப் போறாங்க. என் பையனோட பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? உன் சித்தி நல்லவங்க மாதிரி இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு."

எல்லாம் என் வாய்க்குள் இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா வாசலில் கார் சாவியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்றார் முதலாளியம்மா.

"தலைவலியாம். தூக்கம் வரலையாம்."

"பகல்லயே தூங்கினா ராத்திரி எங்கேயிருந்து வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்த அக்காவின் தலையில் கை வைத்துக் கண்ணீர் விட்டு ஜெபித்தாள். தலைவலிக்காக! அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியாது. தன் பையனுக்காகத்தான் சித்தி அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். முடிந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தி நன்றி சொன்னார்.

ஐயோ.

ஜூன் 7, சனி

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். சித்தி தனியாகப் போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

கணக்குப் பாடம் ஓடவில்லை. இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆண்டவருக்கு எல்லா மொழியும் தெரியும். அப்படியென்றால் அந்த அக்கா சொன்னது நேராகவே அவருக்குக் கேட்டிருக்கும். நடுவில் நான் எதற்கு? நான் என்ன சொல்லியிருந்தாலும் என்ன? — இப்படி நினைத்தால் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கிறது. அப்புறம், சித்திக்கு எல்லா மொழியும் தெரியாதே என்று தோன்றுகிறது. சமையலறைக் கதவைத் திறந்துவிட ஆண்டவர் சித்தியைத்தான் அனுப்பியிருந்தார் என்றால்? சித்தியை வாசலிலேயே நிறுத்தியது நான்தானே?

சாப்பிடும்போது சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன். "அப்பா, உங்க பாஸ்போர்ட் எங்கே?"

"முதலாளி வீட்டு பீரோவில. பத்திரமா இருக்கட்டும்னுதான். இங்கே வச்சா உங்கம்மா பழைய பேப்பரோட சேர்த்துப் போட்டுடுவா."

அம்மா கரண்டியைக் காட்டி மிரட்டினாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இதெல்லாம் உன்னை யாரு கேட்கச் சொன்னா?"

"யாரும் இல்லைப்பா."

அப்பாவுக்கும் பயமாக இருக்குமா? பெரியவர்கள் பயந்தால் வெளியே தெரியாதோ என்னவோ.

ஜூன் 13, வெள்ளி

சித்தி அந்த அக்காவுக்குத் தைலம் வாங்கி வந்திருந்தாள். சின்னப் பச்சைப் புட்டி. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் வேறு ஏதாவது இருக்குமோ என்று மூடியைக்கூடத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் சித்தி என்ன செய்யப்போறாங்க? எப்போ?"

"என்னடி சொல்றாங்க? வலி பரவாயில்லையாமா?" என்றாள் சித்தி.

சித்தியிடம் "பரவாயில்லையாம்" என்றேன். அக்காவிடம் "கொஞ்சம் பொறுங்க" என்றேன். மொழிக்கு ஒரு பொய்.

முதலாளியம்மா கடைசி ஜெபத்தில், "நேரத்துக்கு வண்டி எடுக்கிற நல்ல மனசை எங்க டிரைவருக்குத் தாங்க ஆண்டவரே" என்றார். அப்பா சத்தமாக ஆமென் சொன்னார். வெளியே வந்ததும், "அந்தம்மா கண்ணை மூடினாலே எனக்கு மெமோ வருது" என்றார். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14, சனி

சொல்லிவிட்டேன். அந்த உயரமான கட்டடத்தின் படிக்கட்டில். ஏறிக்கொண்டே இருந்தோம், பாதியில் நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் அந்த அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன்.

சித்தி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"நான் தலைவலிக்கா அழுதேன்?" என்றாள்.

அப்புறம், "தைலம் வேற வாங்கிக் கொடுத்தேனே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மேலேயிருந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய ஒருவர் எங்களைத் தாண்ட முடியாமல் நின்றார். அவருக்கு வழி விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம்.

"பயமா இருந்துச்சா?"

"இப்பவும் இருக்கு சித்தி."

"எனக்கும்தான்" என்றாள்.

இன்று மேலே யார் கதவையும் தட்டவில்லை. திரும்பும்போது முடிவெட்டுகிறவர் கடையில் நின்று, யாருக்கு என்று சொல்லாமல், இந்த மாதிரி ஆட்களுக்கு உதவ இங்கே யாராவது உண்டா என்று கேட்டோம். கையில் கத்தரியோடு வெளியே வந்து, வேலைக்கு வந்தவர்களுக்கென்று உதவி அலுவலகம் ஒன்று இருப்பதாக வழி காட்டினார். தன் தம்பியும் ஒரு தடவை அங்கே போய் நின்றவன்தானாம்.

ஜூன் 17, செவ்வாய்

சித்தி பாஸ்டரிடம் போய்ப் பேசினாள். நானும் கூட இருந்தேன்.

"அவசரப்படாதீங்க சிஸ்டர். நம்ம சபை நிக்கிறதே அந்தக் குடும்பத்தாலதான். நீங்க ஜெபிக்க வந்தவங்க. ஜெபிங்க."

சித்தி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு, "சரி பாஸ்டர். ஜெபிக்கிறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சித்தி எல்லாவற்றையும் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "நீ நாளைக்கே வேற ஊருக்கு மாறிப் போயிடுவ. இவர் பொழப்புல மண்ணைப் போட்டுட்டுப் போகாதடி. நாங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்கே போறது?"

அம்மா கேட்டதும் சரிதான். அந்த அக்கா கேட்டதும் சரிதான். இரண்டும் சரியாக இருந்தால் என்ன செய்வது?

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அக்காவிடம் கேட்கச் சொன்னாள் சித்தி. அவர் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்யக் கூடாதாம். எல்லோர் எதிரிலும், ஜெபக்குறிப்பு கேட்கும் சாக்கில், ஊர் மொழியில் மெல்லக் கேட்டேன். "சித்தி இங்கேயே வெளிப்படையா பேசப்போறாங்க. பிரச்சினை வரலாம். உங்களுக்குச் சம்மதமா?"

அக்கா என் முகத்தையே பார்த்தார். இத்தனை நாளும் நான் சித்தியிடம் சொல்லாமல் இருந்தது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். "இன்னிக்கே" என்றார்.

"இன்னிக்கேன்னு சொல்றாங்க சித்தி."

சித்தி கண்ணை மூடினாள். எல்லோரும் மூடினார்கள்.

"ஆண்டவரே, அன்னிக்குத் தலைவலின்னு ஜெபிச்சேன். அது தலைவலி இல்லை. இந்த அக்காவோட ஒப்பந்தம் எப்பவோ முடிஞ்சிருச்சு. இவங்க பாஸ்போர்ட் இந்த வீட்டு பீரோவில இருக்கு. போனும் இவங்க கையில இல்லை. ஊர்ல பையன் காத்துக்கிட்டிருக்கான். சாவி வச்சிருக்கிற கையை நீங்க அசைக்கணும்."

ஜெபத்துக்கு நடுவில் யாரும் யாரையும் நிறுத்த முடியாது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். முதலாளியம்மா இறுக்கி மூடியிருந்தார். பழக்கத்தில் ஒரு தடவை "ஸ்தோத்திரம்" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

சித்தி ஆமென் என்றாள். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. பாஸ்டர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலிலிருந்து ஒரு "ஆமென்" வந்தது. அப்பா.

"அம்மா, அப்படியே என் பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்துடுங்க" என்றார்.

"என் வீட்டு உப்பைத் தின்னுட்டு, என் வீட்டுக்குள்ளேயே..." முதலாளியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எங்க வீட்டுக்காரர் ஊர்லேருந்து வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"அதுவரைக்கும் நாம ஜெபிச்சுக்கிட்டே இருக்கலாம்மா" என்று சித்தி மறுபடியும் கண்ணை மூடினாள்.

இன்னொரு ஜெபத்தை அவரால் தாங்க முடிந்திருக்காது. விருட்டென்று எழுந்து போனார். உள்ளே பீரோ திறக்கும் சத்தம். இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரு போனும் மேஜைமேல் வந்து விழுந்தன. "காலையில வீட்டைக் காலி பண்ணிடணும்" என்றார்.

அக்கா ஒரே ஒரு துணிப்பையோடு எங்களுடன் வெளியே வந்தார். வாசற்படி தாண்டியதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

முடிவெட்டுகிறவர் கடைக்கு மேலே ஒரே அறையில் எல்லோரும் இருக்கிறோம். அக்கா உதவி அலுவலகத்தின் விடுதியில். அப்பா ஒரு ரொட்டிக் கடை வண்டிக்கு ஆள் கேட்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. கிடைக்காவிட்டால் நாங்களும் சொந்த ஊருக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். சித்தியை மாதக் கடைசியில் வேறு இடத்துக்கு வரச் சொல்லி மிஷனிலிருந்து போன் வந்தது.

அம்மா சித்தியோடு பேசுவதில்லை. தட்டை மட்டும் டொம்மென்று வைக்கிறாள். ஆனால் முதலில் வைப்பது சித்திக்குத்தான்.

ஜூன் 28, சனி

உதவி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரியம்மா அக்காவிடம் கேள்வி கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தார். அக்காவுக்கு ஊர் மொழி தெரியும் என்பதால் அவருக்கு நான் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சித்திக்கு மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

அக்கா என் பக்கம் ஒரு நொடி பார்த்தார். "இல்லை. யார்கிட்டயும் சொல்லலை."

அதிகாரியின் விரல்கள் ஓடத் தொடங்கின.

"என்ன கேட்டாங்க? என்ன சொன்னாங்க?" என்றாள் சித்தி. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சித்தி சொல்லு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

"அவங்க சொன்னாங்க" என்றேன் ஊர் மொழியில். "என்கிட்ட சொன்னாங்க. ஜூன் மாசம் முதல் வெள்ளிக்கிழமை."

அதிகாரி கையை நிறுத்தினார். "நீ யார்கிட்ட சொன்னே?"

"அன்னிக்கு யார்கிட்டயும் சொல்லலை. தலைவலின்னு மாத்திச் சொல்லிட்டேன். அங்கே எல்லாரும் இருந்தாங்க, எனக்குப் பயமா இருந்துச்சு."

அக்கா என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதிகாரி என் பெயரைக் கேட்டார், வகுப்பைக் கேட்டார். பிறகு ரொம்ப நேரம் தட்டச்சு செய்தார். முடித்ததும் திரையை என் பக்கம் திருப்பி, "நீயே படிச்சுப் பாரு. சரியா இருக்கா?" என்றார்.

மெதுவாகப் படித்தேன். அந்த வெள்ளிக்கிழமை இருந்தது. தலைவலி இருந்தது. நான் பயந்ததும் இருந்தது.

"சரியா இருக்கு" என்றேன்.